கடைசியாக ஓட்டியவர்

சாவியை வாங்கும்போது நான் பார்த்தது காரை அல்ல, அந்த அக்காவின் முகத்தை. விற்கிறவர் முகத்தில் அவசரம் தெரிந்தால் பழைய கார் தரகனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அவசரம் தெரியவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் இறந்துபோய் ஒன்பது மாதம். அன்றிலிருந்து ஓடாத மின்சாரக் கார். அக்கா மாதம் தவறாமல் சார்ஜ் போட்டு, துடைத்து, உறை போர்த்தி வைத்திருந்தார். எனக்கு முன்னால் வந்த நான்கு தரகர்களையும் ஓட்டிப் பார்க்க விடாமலே அனுப்பியவர், என்னிடம் மட்டும் சாவியை நீட்டினார்.

என் வாய் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

முழு சார்ஜில் 384 கிலோமீட்டர் ஓடும் என்றது திரை. இந்த வயது வண்டிக்கு அது அநியாயம். விலையைக் குறைக்க வந்தவனுக்கு அந்த எண்தான் எதிரி.

எதிரியைச் சாய்க்க எனக்குத் தெரியும். ஏசியை முழுசாக வைத்தேன். மேம்பாலத்தில் அழுத்தி ஏறினேன். சிக்னல் வரை பறந்துபோய் அங்கே பிரேக்கை மிதித்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இந்த சிக்னலுக்கு அவர் அந்த மருந்துக்கடைகிட்டயே ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடுவார். பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்கும். 'அவசரம்னா தாண்டிப் போகட்டும், நான் பொண்டாட்டியோட வர்றேன்'னு சொல்வார்."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வாசலுக்குத் திரும்பியபோது திரையில் 341. ஓடியது ஆறு கிலோமீட்டர். காணாமல் போனது நாற்பத்து மூன்று.

"பாத்தீங்களாக்கா? பேட்டரி களைச்சுப் போச்சு" என்று உச்சுக்கொட்டினேன்.

"பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஓட்டுற காலைப் பாத்து வண்டி போடுற கணக்கு அது. இத்தனை மாசம் அவர் கால்லயே நின்னுச்சு. இப்ப உங்க காலுக்கு மாறிடுச்சு."



அக்கா அந்த எண்ணை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் நல்லா ஓட்டத் தெரியும். நானே ஓட்டினா, அவர் கணக்கை நானே அழிச்ச மாதிரி ஆயிடும். வேற யாராவது செய்யட்டும்னா, நாலு பேர் வந்தும் தைரியம் வரல."

கதவைத் திறந்து இறங்கினார்.

"இப்ப இது வெறும் கார். விலையைச் சொல்லுங்க."