எண்ணிக்கை குறையவில்லை

"இன்னைக்கே மீன் விட்டா செத்துடும் தம்பி," என்றார் கடைக்காரர் தியாம். "மண்ணு புதுசு. தண்ணியில விஷம் இறங்கும். இப்போ செடி மட்டும் நடு. ஒரு மாசம் கழிச்சு வா, நானே நல்ல மீனா பிடிச்சுத் தர்றேன்."

வெங் ஹோ கண்ணாடித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இதுல எது ரொம்ப நோஞ்சான், அங்கிள்?"

"நியான் டெட்ரா. முறைச்சுப் பாத்தாலே போயிடும். அதை மட்டும் எடுக்காதே."

"அதுலயே எட்டு குடுங்க."

தியாம் வலையைக் கையில் எடுத்தார். "சொல்றதைச் சொல்லிட்டேன் லா. அப்புறம் என் கடையைத் திட்டக் கூடாது."

வீடு அதே அடுக்குமாடியில், கடைக்கு நேர் மேலே. அவன் மனைவி பெய் யிங் தொட்டியின் முன் மண்டியிட்டு, நீண்ட இடுக்கியால் கறுப்பு மண்ணில் புல்லைக் கொத்துக் கொத்தாக ஊன்றிக்கொண்டிருந்தாள். மரவேரில் பாசியைக் கட்டி முடித்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் காடு வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

அவள் தலைக்குள் கட்டி இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை. பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் பாதிக்குப் பாதி என்று சொல்லியிருந்தார்.

"மீன் இப்பவேவா? தண்ணி பழகணும்னு சொல்வாங்களே."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பாக்க வேண்டாமா?"

அவள் சிரித்தாள். "உனக்கு இப்படியெல்லாம் பேச வருதே. இதுக்காகவே கட்டி வரலாம் போல."

வெங் ஹோ பையை அவிழ்த்து, மீன்களைத் தண்ணீரில் விட்டான்.

சொந்த ஊரான தைப்பிங்கிலிருந்து அவன் அம்மா தினமும் தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவின் நெஞ்சைத் திறந்து அறுவை செய்த நாளில், வீட்டில் வளர்த்த அரோவானா மீன் தொட்டியிலிருந்து துள்ளி விழுந்து செத்தது. அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். வீடு தேடி வரும் சாவைத் தொட்டி மீன் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. வெங் ஹோவுக்குச் சந்தேகம் இருந்தது, பெய் யிங்கின் ஸ்கேன் வரும்வரை.

பெய் யிங் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சொன்னால் சிரிப்பாள், மீன்களையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவன் சொல்லவில்லை.

"ஒண்ணாவது செத்துதா?" என்று அம்மா கேட்பாள்.

"இல்லம்மா."

"எட்டுல ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

காலையில் அவன் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது தொட்டி இருட்டாக இருக்கும். விளக்கு சாயங்காலம்தான் தானாக எரியும். வீடு திரும்பியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கண்ணாடி முன் குனிந்து எண்ணுவான். எட்டு. மறுநாளும் எட்டு.

ஒன்றிரண்டு மட்டும் நீலமும் சிவப்பும் மங்கி, வெளிறிப்போய், மரவேருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். இது நிச்சயம் போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அடுத்த சாயங்காலமும் கணக்கு குறைந்திருக்காது.

"அது ஏன் அப்படி நிக்குது?" என்று ஒருநாள் கேட்டான்.

"புது இடம் இல்லியா, பயம்," என்றாள் பெய் யிங், படுத்தபடியே. "பழகிடும்."

செடிகளுக்காக ஒரு சிறு உருளையிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அளவு மீறினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று தியாம் எச்சரித்திருந்தார். அவள் குளிக்கப் போயிருந்தபோது வெங் ஹோ திருகைத் திறந்துவிட்டான். குமிழ்கள் சரம் சரமாக ஏறின. புல் தழைத்துத் தரையை மூடியது. மீன்கள் எட்டு.

"சாவு வீட்டுக்குள்ள வந்தாச்சு, மீனு வாங்கிக்க மாட்டேங்குது," என்றாள் அம்மா. அவள் குரல் தணிந்திருந்தது. "அப்போ அது யாரைத் தேடும்?"

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

பெய் யிங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம், அவளுடைய கம்பளிச் சட்டையை எடுக்க வீட்டுக்கு வந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணினான். மறுபடி எண்ணினான். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அவளைத் தள்ளுகட்டிலில் கிடத்தி அறுவை அறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தலை மழிக்கப்பட்டிருந்தது.

"மொட்டை எப்படி?"

"நல்லா இருக்கு."

"பொய்யன்." அவள் அவன் விரல்களைப் பிடித்தாள். அவை சில்லென்று இருந்தன. "உனக்கா ஆபரேஷன்?"

"எட்டும் உயிரோட இருக்கு," என்றான் வெங் ஹோ. அடக்க முடியவில்லை. "ஒண்ணுகூடச் சாகல, பெய் யிங். ஒண்ணுகூட."

அவள் கட்டிலைத் தள்ள வந்த நர்ஸிடம், "ஒரு நிமிஷம் சிஸ்டர்," என்றாள்.

"கோவிச்சுக்காதே. பொய்யோட உள்ள போக எனக்கு இஷ்டமில்ல. நீ ஆசையா வாங்கிட்டு வந்தே. வேலை முடிஞ்சு ஓடி வந்து எண்ணுறே. ஒண்ணு குறைஞ்சாலும் நீ தாங்க மாட்டேன்னு தோணிச்சு. அதான் நீ வர்றதுக்குள்ள கீழே தியாம் கடைக்குப் போயி மாத்திட்டு வந்துடுவேன்."

"எதை மாத்தினே?"

"மீனைத்தான் லா. நீ வாங்கின எட்டும் செத்துப்போச்சு."