தமீமின் முழங்கால்

ஆட்டக்காரர்களின் வலியைக் கைப்பட்டை வழியாகப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு மாற்றிவிடும் வழக்கம் வந்ததிலிருந்து, ரெஜினா பெஞ்சில் உட்கார்ந்தே களைத்துப்போனாள். இறுதிப் போட்டியில் தமீமின் முழங்கால் முறுக்கிக்கொண்டபோதும் அவள்தான் பல்லைக் கடித்தாள். அவன் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

"ஜவ்வு கிழியுது சார். அவன வெளிய கூப்பிடுங்க," என்றாள் பயிற்சியாளரிடம்.

"கொஞ்ச நேரம்தான்மா, பொறுத்துக்க."

பொறுத்துப் பொறுத்தே அவளுக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. ரெஜினா பட்டையைக் கழற்றி எறிந்தாள். நடு மைதானத்தில் தமீம் அலறிக்கொண்டு விழுந்தான்.

ஆட்டம் நின்றது. பல வருஷத்துக்குப் பிறகு நொண்டாமல் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டவளைப் பார்த்து, "என்னக்கா பண்ணிட்ட?" என்று அழுதான்.

"உன் கால உன்கிட்டயே குடுத்துட்டேன்டா," என்றாள்.