அட்டைப்பெட்டியில் ஒன்பது புத்தகங்கள்

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரொட்டிக்கடைக்காரர், அவர் மனைவியின் தம்பி, பல் டாக்டர், பஸ் டிரைவர், அலமாரிச் சாவி வைத்திருக்கும் தையல்கார அக்கா. பேக்கேமன் பலகை ஒன்று, காய்கள் முப்பது, பகடைகள் இரண்டு. அலமாரியில், அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று சொல்லும் பழைய புத்தகங்கள் ஒன்பது.

தகராறு அந்த ஒன்பதைப் பற்றித்தான்.

"எல்லாத்தையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்," என்றான் மனைவியின் தம்பி. எந்த ஆட்டத்தையும் கைபேசியில் போட்டுச் சரிபார்ப்பவன் என்பதால் அவன் பெயரே அங்கே மெஷின். "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எழுதினது. பாதி தப்பு. அந்த இடத்துல ஒரு காபி மெஷின் வைக்கலாம்."

"ஒரு மெஷினையே தாங்க முடியல," என்றார் டிரைவர்.

"மீதிப் பாதி சரிதானே?" என்று அக்கா கேட்டார்.

"எந்தப் பாதின்னு தெரிஞ்சுக்கவே கம்ப்யூட்டர் வேணுமேக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டுவிடலாம் என்று தூக்கிய கைகள் நான்கு. அக்காவின் கை மடியிலேயே இருந்தது.

"ஒரே ஒரு ஆட்டம்," என்றார் அவர். "நீல அட்டைப் புத்தகத்துல இருக்கிறபடி ஆடுறேன். ஜெயிச்சா ஒன்பதும் அலமாரியிலேயே இருக்கட்டும்."

"தோத்தா?"

"நானே கீழ கொண்டுபோய் வைக்கிறேன்."

தன் காய்கள் பதினைந்தையும் பலகையில் தன் மூலையான 'வீட்டுக்கு'க் கொண்டுவந்து, முதலில் வெளியே எடுத்துவிடுபவருக்கே ஜெயம். மெஷின் ஆரம்பத்திலேயே முந்திவிட்டான். அக்கா ஏழாம் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டார். பின்தங்கிவிட்டால் எதிராளியின் வீட்டுக்குள் இரண்டு காய்களை ஜோடியாக நிறுத்து. அவன் தன் காய்களை வெளியே எடுக்கும்போது ஒன்று தனியாக மாட்டும். அதை வெட்டு. அதுவரை அசையாதே.

அவர் அசையவில்லை.

மெஷின் நான்கு காய்களை வெளியே எடுத்தான். ஐந்து. ஆறு. டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் கடை திறக்கும் நேரத்தை மறந்தே போனார்.

"மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம் பகடையைக் குலுக்குவ?" என்றார்.

"நல்லா கலங்கட்டும் மாமா."

அக்காவுக்கு ஆறும் நாலும் விழுந்தது.

"இன்னும் எத்தனை நேரம் என் வீட்லயே குடியிருப்பீங்க? வாடகையாவது குடுங்கக்கா," என்றான் மெஷின். "பதினஞ்சு காய்ல ஒண்ணுகூட வெளிய எடுக்கல. அப்படியே தோத்தா ரெட்டைத் தோல்வி, ஞாபகம் இருக்கட்டும்."

அக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. சட்டென்று ஜோடியைக் கலைத்து இரண்டு காய்களையும் அவன் வீட்டை விட்டு ஓட விட்டார்.

அடுத்து மெஷினுக்கு விழுந்தது ஆறும் ஐந்தும். அவன் காய் ஒன்று தன்னந்தனியாக நின்றது. வெட்டத்தான் அங்கே யாரும் இல்லை.

"ச்சே," என்றார் டிரைவர், மெதுவாக.

ஆட்டம் முடிந்தபோது அக்காவின் பக்கம் மீதி பதிமூன்று காய்கள்.

சொன்ன சொல் சொன்னதுதான். ஒன்பதையும் எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டு, கீழே படிக்கட்டின் ஓரம் வைத்துவிட்டு வந்தார். பழைய பேப்பர்காரர் ஆறு மணிக்கு வருவார்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டாக்டர் குடையை மறந்துவிட்டதாக இரண்டு தடவை இறங்கி ஏறினார்; அன்று மழையே இல்லை. டிரைவர் தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோவது ஜன்னலில் தெரிந்தது. மெஷின் கைபேசியை வெறித்தபடி கடைசியாகப் போனான்.

ஐந்தே முக்காலுக்கு அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். நீலப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? கூடாது. தோற்றது தோற்றதுதான். ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம்.

குனிந்து பெட்டியைத் தொட்டார். கனமே இல்லாமல் நகர்ந்தது.

உள்ளே நீலப் புத்தகம் மட்டும் கிடந்தது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு துண்டுக் காகிதம், மெஷினின் கோணல் எழுத்தில்.

"அக்கா, உங்க ஆறு நாலைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். அதுவும் அசையாதேன்னுதான் சொல்லுது. புத்தகம் தப்பா சொல்லல. நீங்கதான் அதை நம்பல. இதை நல்லா படிச்சிட்டு வாங்க, அடுத்த ஞாயிறு திரும்ப ஆடுவோம். மத்ததை நாங்க படிக்கிறோம். டாக்டர் மூணு, மாமா ரெண்டு, டிரைவர் ஒண்ணு, நான் ரெண்டு. கை தூக்கினவங்க ஆச்சே, வெளிய சொல்லிடாதீங்க."

அக்கா படியிலேயே உட்கார்ந்து, விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். எட்டு.

மீதி ஒன்று.