கை நனைக்காதவர்

இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு கொளஞ்சியப்பன் எழுந்துவிட்டார்.

கச்சிராயபாளையத்தில் மாப்பிள்ளையின் அப்பா பூமாலை வீட்டுக் கூடம் அப்படியே அடங்கிப் போனது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் அங்கே கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சிவசங்கருக்குக் கரும்பு ஆலையில் வேலை. கிணற்றோடு நிலம். மகள் செல்விக்கு ஏற்ற இடம்தான் என்று கொளஞ்சியப்பனே வாய்விட்டுச் சொன்னார். அவர் மனைவி கமலா அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த வரனைக் கொண்டுவந்தவன் கமலாவின் தம்பி சின்னராசு. அவன் அதற்குள் மண்டபம் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான்.

பரிமாறும்போது மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாளின் முந்தானை விலகியது. முழங்கையில் சிவந்த திட்டு. அதன்மேல் வெள்ளைச் செதில்.

கொளஞ்சியப்பன் பார்த்ததை அவளும் பார்த்தாள். மறைக்கவில்லை.

“சோரியாசிஸ்னு சொல்றாங்க. ரொம்ப வருசமா இருக்குது. தொட்டா ஒட்டாதுங்க.”

“தெரியுங்க” என்றார் கொளஞ்சியப்பன்.

அதோடு விட்டிருக்கலாம். விசாரிக்கத் தொடங்கினார். பெற்ற தாய்க்கு இருந்ததா, கூடப் பிறந்தவர்களுக்கு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராணியம்மாளும் ஒளிக்காமல் சொன்னாள். அம்மாவுக்கு இருந்தது. அண்ணனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி மடக்க முடியாமல் இருக்கிறது. அதுவும் இந்த வகைதானாம்.

“மாப்பிள்ளைக்கு?”

“முட்டியில லேசா. பனிக்காலத்துல வந்துட்டுப் போவும்.”

அப்போதுதான் எழுந்தார்.

பூமாலைக்கு முகம் கறுத்துவிட்டது. “மாடு புடிக்க வர்றவங்கூட இவ்ளோ கேக்க மாட்டான். பல்லைப் புடிச்சிப் பாக்கலை, அது ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

ராணியம்மாள் கோபப்படவில்லை. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் கிடையாது, கடையும் திறந்திருக்காது, வேறு யாரையாவது பரிமாறச் சொல்கிறேன், சம்பந்தம் வேண்டாமென்றாலும் பசியோடு போகாதீர்கள் என்றாள்.

கொளஞ்சியப்பன் அவளைக் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

எண்பத்தேழு செப்டம்பர் அது. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். மறியல் சூடுபிடிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று விடியலிலேயே கிளம்பி வந்தவர்கள், இப்போது கள்ளக்குறிச்சி நோக்கி வெயிலில் நடந்தார்கள்.

வழியில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் அதன் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். யாராக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். தைத்த இலையில் சாம்பார் சாதம்.

கொளஞ்சியப்பன் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதைப் பார்த்ததும் சின்னராசுவுக்குத் தாங்கவில்லை.

“இன்னா மாமா, இங்க மட்டும் கை நனையுதா? ஆக்கினவன் கையில இன்னா இருக்குதுன்னு பாத்தீங்களா?”

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். சின்னராசு விடவில்லை.

“அந்தம்மா பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லுச்சு. அதைப் போயி தீண்டத்தகாதவங்க மாதிரி ஆக்கிட்டு வந்துட்டீங்க. ஊரு முச்சூடும் உங்களைத்தான் காறித் துப்பப் போவுது. நானும்தான் துப்புவேன்.”

கமலா தன் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய் கூட வைக்கவில்லை. தம்பி பேசுவதை அவள் தடுக்கவுமில்லை.

கொளஞ்சியப்பன் கை கழுவினார். மரத்தைத் தாண்டி, மறியல்காரர்கள் காதில் விழாத தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பாண்டிச்சேரி டாக்டர் ஒண்ணு சொன்னாருடா. ஒரு பக்கம் இருந்தா புள்ளைங்களுக்கு வர்றது கம்மி, ரெண்டு பக்கமும் இருந்தா ஜாஸ்தின்னாரு.”

“ரெண்டு பக்கம் எங்கருந்து மாமா வந்துச்சி?”

“அந்தம்மா மறைக்காம சொல்லிடுச்சு. நம்ம செல்வி முதுகுல இருக்கிறதைச் சொல்ல எனக்குத்தான் வாய் வரலை.”