ஸ்ரீகுமார் இன்னும் வாங்கவில்லை

“மேக் கம்ப்யூட்டருன்னா ஃபேன் சத்தமே இருக்காதாம் அண்ணே. மைக்குல என் குரல் மட்டும்தான் விழும். நாளைக்கே நாகர்கோவிலுக்குப் போயி எடுத்திரலாம்னு இருக்கேன்” என்றான் ஸ்ரீகுமார்.

முருகதாஸ் வாயருகே கொண்டுபோன சாயா கிளாஸைப் பாதியில் நிறுத்தினார். அவன் குரல் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகத்தானே அவர் இரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு நடையாய் நடக்கிறார்.

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்யப்போவதாக ஸ்ரீகுமார் அறிவித்த அன்றே, எதிர்வீட்டுச் சிவதாணு முருகதாஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அவன் பாடி நீ கேட்டதில்ல மக்கா. நாங்க கேட்டிருக்கோம். பகவதியம்மாளுக்க பசு ரெண்டு நாளு பால் தரல்ல. தெருவுல கெடந்த நாயி ஊளகூட விடல்ல, எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போயிட்டு. கம்ப்யூட்டரு வந்திட்டுன்னா தெனமும் பாடுவான். வாங்க விடப்பிடாது.”

“வாங்காதேன்னு நானே போயி சொல்லுகேன் அண்ணாச்சி.”

“சொன்னா மனசு ஒடிஞ்சிரும்லா. மேக்கா விண்டோஸான்னு கொழப்பிக்கிட்டே இரு. அது போதும்.”

இதில் முருகதாஸுக்கு ஒரு சொந்த நஷ்டமும் இருந்தது. அவருக்கும் பாட்டு ஆசை உண்டு. பத்து பாட்டு சொந்தமாக எழுதி, மெட்டும் போட்டு, எந்த லேப்டாப், எந்த மைக் என்பதுவரை பார்த்து வைத்திருந்தார். அதையும் சிவதாணுவிடம் சொன்னார்.

சிவதாணு அவசரமாகக் குறுக்கிட்டார். “நீ வாங்கினா அவன் மறுநாளே வாங்குவான். உன்னப் பாத்து அவன் கெடணுமா? மொதல்ல இவன் பாடு தீரட்டும். பொறவு நீ பாடு, தெருவே ஒக்காந்து கேக்கோம்.”

முருகதாஸ் ஆசையைத் தூக்கிப் பரணில் போட்டார். பாட்டுச் சத்தம் கேட்டு ஸ்ரீகுமாருக்கு ஞாபகம் வந்துவிடக்கூடாது என்று குளியலறையில்கூட முணுமுணுப்பதை நிறுத்தினார். தியாகம் செய்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு வரும். அவருக்கும் வந்தது.

அதோடு கம்ப்யூட்டரைப் பற்றிப் படிக்கவும் செய்தார். மின்சார பில்லை போனில் கட்டத் தெரியாத மனிதர், இன்று பிராசசர் பற்றி அரைமணி நேரம் பேசுவார். பொங்கலுக்கு ஸ்ரீகுமார் விண்டோஸ் வாங்கப் புறப்பட்டபோது மேக் பக்கம் திருப்பினார். திருப்பியது சரியாகத் திரும்பிவிட்டது. அதுதான் இன்றைய சிக்கல்.

“மேக்கா?” முருகதாஸ் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். “வாங்கினா வாங்கினதுதான், கேட்டியா. பொறவு மெமரி கூட்ட முடியாது. ஆறு வயலினும் ஒரு தவுலும் சேக்கணும்னு உனக்குத் தோணிச்சுன்னா என்ன செய்வே?”

“தவுலு வேணும்தான்.”

“அது தவுலக் கேட்டாலே மூச்சு முட்டி நின்னுரும்.”

“அப்போ விண்டோஸே எடுத்துக்கிடுகேன்.”

“விண்டோஸா? நீ கண்ண மூடி உருகிக்கிட்டு இருப்பே. அது அப்டேட்டுன்னு சொல்லி தானா அணைஞ்சு தானா எந்திரிக்கும். பாட்டு போன எடம் தெரியாது. அதுமட்டுமா, நீ பாடுகது உன் காதுக்கு வந்து சேர நேரமாவும். நீ சரணத்துல நிப்பே, ஹெட்போன்ல பல்லவி ஓடிக்கிட்டு இருக்கும்.”

கடைசியில் சொன்னது புளுகு. அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஸ்ரீகுமார் கன்னத்தில் கைவைத்து, பெரிய துக்கச் செய்தி கேட்டவன்போல் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனைவி ராஜி பழம்பொரி கொண்டுவந்து வைத்தாள். “அண்ணனுக்கு என்ன வெவரம், பாத்தியளா” என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள்.

“அப்போ ரெண்டும் ஆகாதுன்னு சொல்லுகியளா அண்ணே?”

“ஆகாதுன்னு சொல்லல்ல. அவசரப்படாதேன்னு சொல்லுகேன். ஓணம் முடிஞ்சா புது மாடல் ஏதாவது வரும். அதையும் பாத்துக்கிட்டு முடிவு செய்வோம்.”

“நீங்க சொன்னா செரிதான். பொறுக்கேன்.”

ஒரு மனிதனை இவ்வளவு சுலபமாகத் திருப்ப முடிவதில் முருகதாஸுக்கு எப்போதும் ஒரு பெருமை. மேலும் இரண்டு பழம்பொரி தின்றுவிட்டு எழுந்தார். தெரு அமைதியாக இருந்தது. இந்த அமைதி யாரால் என்று ஒருநாள் தெருவுக்கே தெரியும் என்று நினைத்தபடி நடந்தார்.

முக்கு திரும்பும்போதுதான் சட்டைப்பை காலி என்பது தெரிந்தது. போனை நாற்காலியிலேயே விட்டிருந்தார். திரும்பி வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது, உள்ளே சிவதாணுவின் குரல் கேட்டது. பின்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும்.

“போயிட்டானா?”

“போயாச்சு அண்ணாச்சி. ஓணம்வரைக்கும் தாங்கும்” என்றான் ஸ்ரீகுமார். “ஆனா இனி கேக்கதுக்கு எங்கிட்ட சரக்கு இல்ல, பாத்துக்கிடுங்க. மேக்கும் முடிஞ்சு, விண்டோஸும் முடிஞ்சு.”

“லினக்ஸுன்னு ஒண்ணு இருக்காம். அதக் கேளு. அவன் படிச்சிக்கிட்டு வாறதுக்கு ஒரு வருசம் ஓடிரும்.”

“எனக்குப் பாட்டுன்னாலே ஆகாது அண்ணாச்சி. நான் இன்னும் எத்தன காலம் பாட்டுக்காரன்னு நடிக்கது?”

“வேற என்ன வழி இருக்கு? தெருவுல எவனுக்கு நெஞ்சுவலின்னாலும் வண்டி எடுத்துக்கிட்டு ஓடி வாறவன் முருகதாஸு” என்றார் சிவதாணு. “நீ மட்டும் பாடிராதடேன்னு அவங்கிட்டப் போயி எவன் சொல்லுவான்?”