ஜன்னலில் ஒரு ஆடு

சிங்கப்பூரிலிருந்தே போன் பேசி, காரைக்குடியில் மெஸ் வைக்க வாடகைக்கு இடம் பிடித்தார் தங்கச்சாமி. குறுகலான கூடம் என்பதால், வெறும் சுவரில் ஒரு ஜன்னலை வரையச் சொல்லி ஓவியர் நாகஜோதியிடம் வேலையைக் கொடுத்திருந்தார்.

"நெசம் மாதிரி இல்லேன்னா வெள்ளையடிச்சிருவேன்" என்றும் சொல்லியிருந்தார்.

இன்றுதான் முதன்முதலாக நேரில் வந்தார், மனைவி யோகலட்சுமியோடு. நுழைந்ததும் ஜன்னல் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்.

"ஏத்தா! ரோடு போகப் போகச் சிறுத்துக்கிட்டே போகுதே! கடைசில புளியமரம் கடுகாட்டம் தெரியுது!"

நாகஜோதிக்கு முகம் வெளிறியது. "ஐயா, அது வந்து..."

"சும்மா இருத்தா. இந்த ஆட்டைப் பாரு! வயிறு எப்படிப் புடைச்சு நிக்குது! உன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்!"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேக்குறீகளா?"

அதற்குள் ஆடு ஒரு தும்மல் போட்டுவிட்டு நடையைக் கட்டியது.

தங்கச்சாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப... நீ வரைஞ்சது எங்குட்டு?"

அவள் ராப்பகலாக வரைந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகஜோதிக்கு அழுகை முட்டியது.

பின்னாலிருந்து 'சளார்' என்று ஒரு சத்தம்.

குடித்து மிஞ்சிய தண்ணீரை எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகத் தெருவில் வீசப்போன யோகலட்சுமி, பட்டுச்சேலையோடு தொப்பலாக நனைந்து நின்றார்.

"எவ அவ, ஜன்னலுக்குள்ள செவுத்தைக் கட்டி வச்சவ?"

நாகஜோதி துள்ளிக் குதித்துக் கையைத் தூக்கினாள்.

"நான்தாம்மா!"