சத்தம் நின்ற வீடு

ஆயுத பூஜையன்று மட்டும்தான் குடும்பத்தாரைச் சுரங்கப்பாதைக்குள் விடுவார்கள். மலையின் அடிவயிற்றில், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வாய்பொத்தி நிற்க, தன் புருஷன் அருமைநாயகம் பாறையில் கன்னத்தைப் பதித்துக் கண்மூடிக் கேட்பதைத் தங்கபுஷ்பம் அன்றுதான் பார்த்தாள். அவன் உள்ளங்கை அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். "அப்படி என்னதான் பேசுது உங்ககிட்ட?"

"மொத்த மலையும் அது தலைமேலல்லா உக்காந்திருக்கு. தாங்க முடியாம படபடன்னு தெறிக்கும், சில்லு சில்லா உதிரும். சத்தம் போடுத வரைக்கும் பயமில்ல. சத்தம் நின்னுட்டுன்னா அங்க ஒரு நிமிஷம் நிக்கப்படாது. கெட்டிப் பாறை பாத்துக்கோ, மொத்தமா வெடிச்சிரும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கும் அந்தக் காது அப்படிச் சாய்ந்ததில்லை. அதற்கப்புறம் வீட்டில் தினமும் சண்டைதான். பாத்திரங்கள் உருண்டன. அவன் சட்டையில் ஒட்டிவந்த பாறைத்தூளை, சக்களத்தி சூடிய பூவைக் கண்டவள்போல அடித்து அடித்துத் துவைத்தாள். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையோடு அவள் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டாள்.

இன்று மத்தியானம் அவன் சம்மணமிட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினான்.

"ஏட்டி, இப்பத்தான் வீடு வீடா இருக்கு. ஒரு சத்தமில்ல பாத்தியா," என்றான், மனம் குளிர்ந்து.

தங்கபுஷ்பம் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.